பெயரைச் சொல்லும் வாய்

அத்தியாயம் ஒன்பது

மூன்றாவது நாளும் காற்று நிற்கவில்லை.

ஆர்கிரோ ஜன்னல் கதவை ஒரு விரற்கடை திறந்தாள். அவ்வளவுதான். கதவு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் அறைந்தது. கீழே, மலையடிவாரத்தில், கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிழிந்து கிடந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஆர்கிரோவைப்போல லாரிஸா சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் புரிவதில்லை. மழையில்லை, இடியில்லை, வெயில் பளீரென்று அடிக்கிறது. பிறகு எதற்கு இந்தக் காற்று? காரணம் இருக்கிறது. ஆகஸ்டில் வடக்கே மலைநாடுகளின் மேல் காற்று கனத்து உட்கார்ந்திருக்கும். கிழக்கே துருக்கி நிலம் வெயிலில் காய்ந்து, அங்கே காற்று லேசாகி மேலே போய்விடும். கனத்த இடத்திலிருந்து லேசான இடத்துக்கு ஓடுவதுதானே காற்றின் வேலை? நடுவிலுள்ள கடல் அதற்கு வழுக்குப் பாதை. கார்பதோஸ் தீவு அந்தப் பாதையின் குறுக்கே நீளமான மலைமுதுகாகப் படுத்திருக்கிறது. ஒருபக்கம் மூச்சிரைக்க ஏறும் காற்று, மறுபக்கம் விழும்போது ஏறியதைவிட வேகமாக விழும். விழுகிற பக்கத்தில்தான் இந்த வீடு.

"மூடுடி அதை! இங்க வந்த அன்னிக்கே என் முடி போச்சு. இப்ப தலையும் போகணுமா?" என்று கட்டிலிலிருந்தே கத்தினாள் ஸ்தமாதியா சித்தி.

"முடி போய் பத்து வருஷமாச்சு. காத்து மேல பழி போடாதே," என்றாள் அவளுடைய அக்கா எவந்தியா. எவந்தியா ஆர்கிரோவின் அம்மா.

குடும்பத்துப் பெண்கள் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை கடலுக்குப் போவது எவந்தியா ஆரம்பித்த வழக்கம். சட்டம் சுலபமானது: ஆண்கள் வரக்கூடாது, வீட்டுப் பிரச்சினை பேசக்கூடாது. முதல் சட்டத்தை யாரும் மீறியதில்லை. இரண்டாவதை யாரும் காப்பாற்றியதில்லை.

இந்த வருடம் இடத்தைச் சொன்னவள் மரிலேனா, ஆர்கிரோவின் தம்பி மனைவி. அவளுடைய அம்மா போலிக்ஸேனி மார்ச் மாதம் இறந்தாள். அதிலிருந்து இந்த மலைக்கிராமத்து வீடு பூட்டிக் கிடந்தது. "எங்க அம்மா வீட்டுக்கே போவோமா அத்தை?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, எவந்தியா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "போவோம். நாலு பேரா போய் விளக்கேத்திட்டு வந்தா உனக்கும் மனசு ஆறும்," என்றாள். கப்பலில் ஓர் இரவு முழுக்க வாந்தி எடுத்தபோதும் முணுமுணுக்கவில்லை.

காபி கொதிக்கும்போது ஆர்கிரோவின் தம்பி லெஃப்தேரிஸ் போனில் கூப்பிட்டான். அவனுடைய கைக்குழந்தை பேபா ஊரில் அவனிடம்தான் இருந்தாள்.

"அம்மா, சாப்பிட மாட்டேங்கறா. வாயை இறுக்கி மூடிக்கறா."

"கரண்டியை வாளு மாதிரி நீட்டுனா யாருடா வாயைத் திறப்பா? முதல்ல நீ ஆன்னு திற. அவ உன்னைப் பாத்துத் திறப்பா."

"திறந்தேன். என் வாயில ஊட்டிட்டா."

"அப்ப நல்ல பிள்ளைதான். அப்பனுக்குச் சோறு போடறா," என்றாள் ஸ்தமாதியா. நால்வரும் சிரித்தார்கள். மரிலேனாகூட.

பேபா என்பது பெயர் அல்ல. ஞானஸ்நானம் ஆகும்வரை இந்த நாட்டில் எல்லாப் பெண்குழந்தையும் பேபாதான். பிறந்து பத்து மாதம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு லாரிஸா கோவிலில் பாதிரியார் "பெயர் என்ன?" என்று கேட்பார். பெற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. எண்ணெய் பூசிய கையில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாய்தான் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் காது மந்தமான கிழவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

ஞானத்தாய் ஆர்கிரோ. கல்யாணம் வேண்டாம் என்றே முப்பத்தொன்பது வயதுவரை வந்துவிட்ட அவளுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக் கிடைக்கப்போகும் ஒரே பிள்ளை.

அவள் எதில் மாட்டிக்கொண்டு விழிக்கிறாள் என்பது இந்தக் கதையோடு கூடவே வந்துகொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி போதும். மார்ச்சில், கல்லறைத் தோட்டத்து வாசலில் மரிலேனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, பேபாவுக்கு எங்க அம்மா பேருதான். நீங்க சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டாள். ஆர்கிரோ தலையாட்டினாள். அந்த வாசலில் யாரால் ஆட்டாமல் இருக்க முடியும்? ஈஸ்டர் முடிந்ததும், பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "எவந்தியான்னு நீ சொல்றப்ப கோவில் கூரை அதிரணும்டி." ஆர்கிரோ பதில் பேசவில்லை. பேசாததை அம்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

இதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கப்பலிலேயே முடிவு செய்திருந்தாள். கப்பலிலும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

"கப்பல் உண்டா இன்னிக்கு?" என்று கேட்டாள்.

"எங்கேர்ந்து? எண்ணிக்கை எட்டைத் தாண்டினா கயித்தை அவிழ்க்கவே விடமாட்டாங்களாம். ஒன்பது அடிக்குது," என்றாள் ஸ்தமாதியா. பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை எண்ணி அளப்பார்கள் இந்தக் காற்றை. தீவுக்காரர்கள் அந்த எண்ணை, ஜுரத்தைச் சொல்வதுபோலக் கவலையோடும் கொஞ்சம் பெருமையோடும் சொல்வார்கள். தெற்கே விமான நிலையம் இருக்கிறதுதான். ஆனால் எவந்தியா பூமியை விட்டு ஒரு சாண் மேலே போக மாட்டாள்.

"போகட்டும். ரொட்டி தீந்துபோச்சு. வெளியில அவ்வளவு பெரிய அடுப்பு சும்மா நிக்குதே, மூட்டுவோமா?" என்று எவந்தியா எழுந்தாள்.

மரிலேனாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "அம்மா போனதுக்கப்புறம் யாரும் மூட்டலை அத்தை."

"அப்ப நாம மூட்டுவோம். மாவை எடு."

வீட்டுக்குப் பக்கத்தில், சந்தின் திருப்பத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நின்றது அந்தக் கல்லடுப்பு. வெள்ளையடித்த சிறு குகை மாதிரி இருக்கும். புகை வருவதைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டு ரிகோபூலா வந்துவிட்டாள். அறுபது வயதிருக்கும். முழங்கால்வரை தோல் பூட்ஸ், பூப்போட்ட கறுப்புத் தலைத்துணி, கக்கத்தில் ஒரு கட்டு காய்ந்த முட்செடி.

"போலிக்ஸேனி அடுப்புல புகை! நான் கண்ணைக் கசக்கிப் பாத்தேன்," என்றாள். பிறகு எவந்தியாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "வாங்க சம்பந்தியம்மா. அவ இல்லாட்டி என்ன, எனக்கும் நீங்க சம்பந்திதான்."

இந்த அடுப்பு வேலை செய்கிற விதம் அழகானது. நம் வீட்டு அடுப்பில் தீ வெளியே, பண்டம் மேலே. இதில் தீயும் பண்டமும் ஒரே வயிற்றுக்குள்தான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் முட்செடியையும் திராட்சைக் கொடியையும் உள்ளே போட்டுக் கொளுத்துவார்கள். உள்கூரை கரிப்புகையால் கன்னங்கரேலென்று ஆகும். இன்னும் எரியவிட்டால், கல் சூடேறிச் சூடேறி, ஒரு கட்டத்தில் அந்தக் கரியே எரிந்துபோய்விடும். கறுத்த கூரை தானாக வெளுக்கும். அதுதான் அடையாளம். வெளுத்ததும் தணலை இழுத்து வெளியே தள்ளி, ஈரத்துணி கட்டிய கம்பால் தரையைத் துடைத்து, மாவை உடனே உள்ளே வைத்து வாயை மூட வேண்டும். அதன் பிறகு தீயே கிடையாது. கல் குடித்து வைத்திருக்கிற சூடுதான் ரொட்டியைச் சுடும். அந்தச் சூடு யாருக்காகவும் காத்திருக்காது.

எவந்தியாவுக்கு இதெல்லாம் தெரியும். சமவெளியிலும் இதே அடுப்புதான். அவளும் ரிகோபூலாவும் எதிரெதிரே நின்று மாவை அடித்துப் பிசைந்தார்கள்.

"உங்க ஊர்ல சோம்பு போட மாட்டீங்களா?"

"எதுக்கு? ரொட்டி ரொட்டியா இருக்கட்டும்னு விட்டுடுவோம்."

"அதான் உங்க ஊர்க்காரங்க எல்லாம் இவ்வளவு சப்புன்னு இருக்காங்க!"

எவந்தியா வாய்விட்டுச் சிரித்தாள். மரிலேனா அத்தையின் தோளில் ஒரு கணம் தலையைச் சாய்த்தாள். ஆர்கிரோ இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதை உடைக்கப்போவது நான்தானா?

அவள் உடைக்கவில்லை. ரிகோபூலா மிச்ச மாவை உருட்டி, குழந்தை கைக்கு அடங்குகிற அளவில் ஒரு வளையம் செய்து, மேலே எள்ளைத் தூவினாள்.

"இது போலிக்ஸேனிக்கு," என்றாள்.

எவந்தியா சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். "ஆண்டவர் அவங்களுக்கு இளைப்பாறுதல் குடுக்கட்டும். செத்தவங்களுக்கும் ரொட்டி வைப்பீங்களா இங்க?"

"வைப்போம். அது வேற. இது சின்னவளுக்கு."

"எந்தச் சின்னவளுக்கு?"

"எந்தச் சின்னவளா! உங்க பேத்திக்குத்தான் சம்பந்தியம்மா. பல்லு வந்துடுச்சாமே, கடிக்கட்டும். போலிக்ஸேனி அவ வீட்டைப் பாக்க எப்ப வரப்போறான்னு ஊரே கேக்குது."

மரிலேனாவின் கையிலிருந்த சல்லடை நின்றது.

ரிகோபூலாவிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவே தேவையில்லாத ஊர் இது. இங்கே முதல் பெண்பிள்ளைக்குத் தாயின் தாய் பெயர். பெயர் எங்கே போகிறதோ வீடும் அங்கே போகும்: அம்மாவிடமிருந்து மூத்த மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. ஒரு போலிக்ஸேனி, அப்புறம் ஒரு மரிலேனா, மறுபடி ஒரு போலிக்ஸேனி என்று ஒரே வாசல்படியில் மாறி மாறி உட்காருவார்கள். சமவெளியில் அப்படி இல்லை. அங்கே முதல் பெண்பிள்ளைக்குத் தகப்பனின் தாய் பெயர். அதில் கேள்வியே கிடையாது. ஆகவே எவந்தியாவும் இதுவரை மரிலேனாவிடம் கேட்கவில்லை. அவளும் ரிகோபூலாவும், சூரியன் கிழக்கேதானே உதிக்கும் என்பதுபோல இருந்துவிட்டார்கள்.

ரிகோபூலா நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் எதையோ கொட்டிவிட்டோம் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை.

எவந்தியா அடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெளுத்துடுச்சு. தணலை இழுங்க," என்றாள்.

ஸ்தமாதியா இழுத்தாள். மரிலேனா ஈரத்துணியால் துடைத்தாள். ஆவி உஸ்ஸென்று முகத்தில் அடித்தது. எவந்தியா நீளமான மரத்துடுப்பை எடுத்து நீட்டினாள். ஆர்கிரோ அதன்மேல் ஒவ்வொன்றாக மாவை வைத்தாள். இனி நிறுத்த முடியாது. நிறுத்தினால் கல் ஆறிவிடும்.

"முடிவு பண்ணியாச்சா மரிலேனா?" முதல் ரொட்டி உள்ளே போனது.

"அத்தை, நான் உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

"முடிவு பண்ணியாச்சான்னு கேட்டேன்." இரண்டாவது.

"ஆமா அத்தை."

"லெஃப்தேரிஸுக்குத் தெரியுமா?"

"தெரியும். சரின்னுட்டார்."

துடுப்பு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. "சரின்னுட்டானா?"

"அக்கா, ரொட்டி வளையுது பாரு," என்றாள் ஸ்தமாதியா மெதுவாக.

"வளையட்டும். என் பிள்ளை என்கிட்ட, 'கவலைப்படாதம்மா, உன் பேருதான்'னு சொன்னான். இந்தக் காதால கேட்டேன். நீ சொல்றது பொய்யா, அவன் சொன்னது பொய்யா?"

"நான் பொய் சொல்லலை அத்தை." மரிலேனாவின் குரல் உயர்ந்தது. "எங்க அம்மா இந்த அடுப்புலதான் எனக்கு ரொட்டி சுட்டாங்க. செத்து ஆறு மாசம்கூட ஆகலை. நீங்க உயிரோட இருக்கீங்க. உங்களை 'பாட்டி'ன்னு கூப்பிட ஒரு வாய் இருக்கு. அவங்களுக்கு என்ன இருக்கு? இந்தப் பேரை விட்டா என்ன இருக்கு?"

"உயிரோட இருக்கறது என் தப்பா?"

கடைசி ரொட்டி உள்ளே போனது. அதன் பக்கத்தில், குழந்தை வளையத்தையும் எவந்தியாவே தள்ளி வைத்தாள். தகரத்தால் வாயை மூடினாள். விளிம்பில் ஈரமண்ணை விரலால் அப்பினாள், ஓர் இடம் விடாமல். பிறகு நிமிர்ந்தாள்.

"ஆர்கிரோ. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"மார்ச்சுலேர்ந்து."

"சமையல்கட்டுல நான் சொன்னப்பவும் தெரியும்?"

"அப்பவும் தெரியும்."

எவந்தியா முன்துணியை அவிழ்த்தாள். நான்காக மடித்தாள். மடித்ததை ஸ்தமாதியாவின் கையில் வைத்துவிட்டு, காற்றுக்குள் நடந்து போனாள்.

கிராமத்தின் முதுகில் பழைய காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, இறக்கை போன வெறும் கல் கூடுகள். அதில் ஒன்றின் பின்புறம் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆர்கிரோ சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தாள். சுவரைத் தாண்டியதும் சட்டென்று ஓசை அடங்கியது. காற்று அந்தக் கல்லில் மோதி இரண்டாகப் பிரிந்து போவதால், பின்னால் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு அமைதி மிஞ்சும். இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும்.

"எப்ப கப்பல் விடுவாங்க?" என்றாள் அம்மா.

"தெரியலைம்மா."

"விட்டா நான் போறேன். நீங்க இருந்துட்டு வாங்க."

"அம்மா, திட்டு. திட்டிடு."

"உன்னைத் திட்டி என்ன?" எவந்தியா கடலைப் பார்த்தபடி சொன்னாள். "நீ பொறந்தப்ப உன் அப்பாவோட அம்மா கட்டில் பக்கத்துல நின்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. 'ஆர்கிரோ'ன்னாங்க. அவங்க பேரு. முறை அதுதான். நான் தலையாட்டினேன். அந்தம்மா எனக்கு என்ன பண்ணினாங்கன்னு உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை."

"கொஞ்சம் தெரியும்."

"தெரியாது. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் என் தட்டுல எவ்வளவு போடணும்னு அவங்கதான் பாப்பாங்க. எங்க அம்மா சாகக் கிடந்தப்ப ஒருநாள்தான் போய்ப் பாக்க விட்டாங்க. எங்க அம்மா பேரு ஸ்தெர்யானி. ரெண்டாவது பொண்ணு பொறந்தா அந்தப் பேரு வைக்கலாம்னு முறை. ரெண்டாவது பையனாப் போச்சு. மூணாவது இல்லை."

ஆர்கிரோ அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு வருஷம் உன்னை நான் பேர் சொல்லிக் கூப்பிடலை, தெரியுமா? 'பாப்பா, பாப்பா'ன்னே கூப்பிட்டேன். ஸ்கூல்ல சேத்தப்பதான் வேற வழியில்லாம ஆர்கிரோன்னு கூப்பிட ஆரம்பிச்சேன். சாப்பிட வா ஆர்கிரோ. தூங்கு ஆர்கிரோ. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா முகம் வந்து நிக்கும். அப்புறம் பழகிடுச்சு." விரலில் காய்ந்த மாவைச் சுரண்டினாள். "முழுசாப் பழகலை."

சீட்டுப் போடுவது போன்றதுதான் இந்த முறை. இளவயதில் கட்டிக்கொண்டே வருகிறவள், கடைசியில் தன் முறை வரும் என்று காத்திருப்பாள். எவந்தியா கட்டிவிட்டாள். ஒரு மகளின் பெயரையே தவணையாகக் கட்டினாள். இப்போது முறை வருகிற நேரத்தில், கடலுக்கு நடுவே வேறு கணக்கு வைத்திருக்கிற ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

இத்தனை வருடமாக அம்மா கூப்பிட்டதை எல்லாம் ஆர்கிரோவின் காது திரும்பக் கேட்டது. அந்தக் குரலில் எப்போதும் ஒரு நூலிழை வறட்சி இருக்கும். அம்மாவின் சுபாவம் அது என்று நினைத்திருந்தாள்.

அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்துக் காற்றாலையின் பின்னால் போய் நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"அக்கா! சாப்பிட்டுட்டா! நான் ஆன்னு..."

"லெஃப்தேரிஸ், அம்மாகிட்ட என்னடா சொன்னே? மரிலேனாகிட்ட என்னடா சொன்னே?"

அந்தப் பக்கம் பேபா எதையோ தட்டிக்கொண்டிருக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"தெரிஞ்சுபோச்சா?" என்றான்.

"ரெண்டு பேருக்கும் சரின்னு சொன்னியா?"

"வேற என்ன சொல்றது? நீயே சொல்லு. ஒருத்தி அழறா, இன்னொருத்தி பாத்திரத்தை உடைக்கறா. கோவில்ல பேரைச் சொல்றது ஞானத்தாய். உன் வாயில எது வருதோ அது. அப்புறம் யாரு என்ன பண்ண முடியும்? அதுக்குத்தானே உன்னைப் போட்டோம்."

"எதுக்கு?"

"நீன்னா ரெண்டு பேரும் சண்டை போட மாட்டாங்க. அம்மாவுக்கு மகள், அவளுக்குச் சிநேகிதி. வேற யாரைப் போட்டாலும் வெட்டுக்குத்து ஆகியிருக்கும் அக்கா. நீ தாங்கிப்பே."

"அதுக்குத்தான் என்னைப் போட்டீங்களா?"

"அதுக்கும்தான்," என்றான் அவன், கொஞ்சம் தாமதித்து.

ஆர்கிரோ போனை அணைத்தாள். தம்பியும் மரிலேனாவும் ஞானத்தாயாக இருக்கும்படி வந்து கேட்ட அன்று, அவள் சந்தோஷத்தில் கண்ணாடி டம்ளரைக் கைதவறிப் போட்டு உடைத்திருந்தாள். அன்று நன்றி சொல்லக்கூட வார்த்தை வராமல் திணறியது நினைவுக்கு வந்து, முகம் சுட்டது.

திரும்பி வந்தபோது ரொட்டி வாசனை சந்து முழுக்க நிரம்பியிருந்தது. ரிகோபூலா அடுப்பு வாயின் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழுதழுது மரிலேனாவின் கண் வீங்கியிருந்தது. ஸ்தமாதியா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமலிருப்பதே வீட்டில் சாவு விழுந்தது போல இருந்தது. கொஞ்சம் பின்னால் எவந்தியாவும் வந்து சேர்ந்தாள், தோளெல்லாம் தூசியோடு.

ரிகோபூலா ரொட்டிகளை எடுத்துப் பலகையில் வைத்தாள். ஒவ்வொன்றின் அடியையும் விரல்மடக்கால் தட்டிப் பார்த்தாள். வெந்த ரொட்டி வெற்றுப் பானைபோல ஒலிக்கும், வேகாதது ஊமையாக இருக்கும். எல்லாம் ஒலித்தன. "என்னால வந்தது. நான் போறேன்," என்றாள்.

"இருங்க. நீங்களும் கேளுங்க," என்றாள் ஆர்கிரோ.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"மரிலேனா, என்னை ஞானத்தாயாக் கேட்டது ஏன்? பொய் சொல்லாம சொல்லு."

மரிலேனா உதட்டைக் கடித்தாள். "நீங்க சொன்னா அத்தை தாங்கிப்பாங்கன்னு..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அதுமட்டும் இல்லை அண்ணி. சத்தியமா அதுமட்டும் இல்லை."

"சரி." ஆர்கிரோவின் குரல் அவளுக்கே ஆச்சரியமாகத் தெளிவாக இருந்தது. "நான் போலிக்ஸேனின்னு சொன்னா, அம்மா ஒவ்வொரு தடவை அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதும் தோத்துப் போவாங்க. எவந்தியான்னு சொன்னா, நீ தோத்துப் போவே. ரெண்டு பேருமே அதை அவகிட்ட காட்ட மாட்டீங்க. நல்லவங்கதான் ரெண்டு பேரும். ஆனா குரல்ல வரும். அந்தக் குரல்ல கூப்பிட்டு வளந்த பிள்ளை நான். அது எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

எவந்தியா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"நான் அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன். ரெண்டுல எதையும். ஞாயித்துக்கிழமை வேற யாராவது பாதிரியார் கையிலேர்ந்து பிள்ளையை வாங்கட்டும்."

"அண்ணி!"

"ஏன்டி, உளறாதே," என்று ஸ்தமாதியா எழுந்தாள். "ஊரைக் கூட்டிட்டு, பாதிரியார்கிட்ட சொல்லிட்டு, இப்ப ஞானத்தாய் இல்லைன்னா? யாரு வருவா? நான் போய் நின்னா என் பேரைத்தான் வைப்பேன், சொல்லிட்டேன்!"

யாரும் சிரிக்கவில்லை.

ஆர்கிரோ காத்திருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. 'பேர் எதுவா வேணா இருக்கட்டும், பிள்ளையை நீதான் வாங்கணும்' என்று ஒருத்தியாவது சொல்வாள் என்று. அம்மா சொல்லலாம். மரிலேனா சொல்லலாம். யார் சொன்னாலும் போதும், அங்கேயே உடைந்து ஒப்புக்கொண்டிருப்பாள்.

"நான் வாங்கறேன்," என்றாள் எவந்தியா.

ரிகோபூலாவின் கையிலிருந்த துடுப்பு கல்லில் இடித்தது.

"பாட்டி ஞானத்தாயா இருக்கக்கூடாதுன்னு சட்டம் இல்லை. பெத்தவங்கதான் கூடாது," என்றாள் எவந்தியா, மரிலேனாவை நேராகப் பார்த்து. "பிள்ளையை நான் வாங்கறேன். பேரை நான் சொல்றேன்."

"எந்தப் பேரை அக்கா?" என்று ஸ்தமாதியா மூச்சுவிடாமல் கேட்டாள்.

"ஞானத்தாய்கிட்ட முன்கூட்டியே கேக்கறது முறை இல்லை."

தன் பெயரைத் தானே கோவிலில் கத்துகிற மாமியார் உண்டா? அப்படிக் கத்தினால் லாரிஸாவில் ஒரு வருடத்துக்கு அதுதான் பேச்சு. அல்லது அந்த வெட்கத்தை நினைத்து மரிலேனா சம்மதித்துவிடுவாள் என்று நம்பித்தான் கேட்கிறாளா? விட்டுக்கொடுக்கிறாளா, பிடுங்கிக்கொள்கிறாளா? எவந்தியாவின் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் கையை மட்டும் நீட்டினாள், அப்போதே பிள்ளையை வாங்குவதுபோல, உள்ளங்கை மேலே பார்க்க.

மரிலேனா அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்தாள். மாவும் மண்ணும் காய்ந்து வெடித்திருந்தன.

"சரி அத்தை," என்றாள். "நீங்களே வாங்குங்க."

ஸ்தமாதியா அவசர அவசரமாகச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். ரிகோபூலா ஒரு ரொட்டியைப் பிட்டு, ஆவி பறக்க, ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். ஆர்கிரோவுக்கும் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள். சூடு கையைச் சுட்டது, ஆனால் கீழே போடத் தோன்றவில்லை.

மாமியாரும் மருமகளும் தலைகுனிந்து ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் மென்றுகொண்டிருந்தார்கள். இருவரில் ஒருத்தியும் ஆர்கிரோவின் பக்கம் திரும்பவில்லை. இனி அவளிடம் அவர்களுக்குக் கேட்க எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் எல்லோரையும் போலக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, கழுத்தை எக்கி, அந்தப் பெயரைக் காதால்தான் கேட்கப் போகிறாள்.